பூ வைக்காத மலேசியா மிஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லுக்குப் போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வெயில் ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் பயமுறுத்தி, பை நிறைய மாத்திரை கட்டிக் கொடுத்தாள் என் தங்கை. ஒரு மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. அங்கே எனக்கு வந்தது பொறாமை. அதுவும் கணக்கு டீச்சர் மகேஸ்வரியின் தலையில் இருந்த பூவின் மேல் வந்த பொறாமை. அதற்கு மாத்திரை கிடையாது.

நான் மலேசியாக்காரி. ஈப்போவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். வருஷக் கணக்காக ஒரே பள்ளி, ஒரே வராந்தா, சிற்றுண்டிச் சாலையில் ஒரே நெத்திலி சம்பல். சலித்துப்போய்ச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் மெட்ரிக் பள்ளிக்கு ஒரு வருஷ வேலைக்கு வந்தேன். “ஆளாளுக்கு லண்டன், ஆஸ்திரேலியான்னு வேலைக்குப் போறாங்க. நீ திண்டுக்கல்லுக்கா போற? மூளை இருக்கா லா உனக்கு?” என்று எங்கள் ஊர் ‘லா’வோடு தங்கை விமான நிலையம்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

எங்கள் பள்ளியில் காலை நேரத்தைப் பார்க்க வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் மல்லிகையோடு வருவார்கள். கன்னிவாடிப் பக்கத்துப் பிள்ளைகள் செவ்வந்தியும் ரோஜாவும் கொண்டுவருவார்கள். எல்லாம் வீட்டுத் தோட்டத்தில், காட்டில் பறித்தது. பிடித்த டீச்சருக்குப் பூக் கொடுப்பது இங்கே வழக்கம். மகேஸ்வரி டீச்சருக்கு இடுப்புவரை சடை. மணி அடிப்பதற்குள் அவரைச் சுற்றிப் பெரிய கூட்டமே கூடிவிடும். அவர் திரும்பி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கொடுப்பார். உயரம் எட்டாத பிள்ளைகூடக் குத்திவிடலாம். முதல் பீரியடுக்குப் போகும்போது முகூர்த்தத்துக்குக் கிளம்பிய கல்யாணப் பெண் மாதிரி இருப்பார். பின்னாலேயே நான் போவேன், கிராப் வெட்டிய மொட்டைத் தலையோடு.

எனக்கும் ஒரு பூ வந்தது, முதல் நாள். எட்டாம் வகுப்புக் கௌசல்யா, கன்னிவாடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், வாய் ஓயாத பெண், ஒரு ரோஜாவை நீட்டினாள். நான் என் தலையைத் தடவிக் காட்டிச் சிரித்து, “நான் பூ வைக்கிறதில்லைம்மா” என்றேன். அவள் முகம் சட்டென்று மரியாதையாக மாறிவிட்டது. “சரிங்க மிஸ்” என்று பூவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு ஒரு காம்புகூட என் பக்கம் வரவில்லை.

எங்கள் ஊரில் யாராவது எதையாவது நீட்டினால் முதலில் வேண்டாம் என்பது பேச்சுக்குத்தான். மூன்று முறை மறுத்து நாலாவது முறை வாங்கிக்கொள்வோம். இங்கே என்னடா என்றால் முதல் மறுப்பிலேயே கதை முடிந்துபோனது. ஈப்போவில் ஆசிரியர் தினம் வந்தால் பிள்ளைகள் குவளை குவளையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். உலகின் சிறந்த ஆசிரியர் என்று எழுதிய குவளைகளே என் வீட்டில் ஒரு அலமாரி முழுக்க இருக்கின்றன. அத்தனையும் வாங்கியவளுக்கு இங்கே ஒரு கனகாம்பரத்துக்கு வழியில்லை.

ஆசிரியர் அறையில் எனக்கும் மகேஸ்வரி டீச்சருக்கும் ஒரே மேசை. வயிற்றெரிச்சலுக்கு வேறென்ன வேண்டும்? பூ போதாதென்று பழமும் வரும். ஒரு நாள் கொய்யா, ஒரு நாள் சிறுமலை வாழைப்பழம், ஒரு நாள் காகிதத்தில் சுற்றிய நாவல்பழம். யார் வைத்தார்கள் என்று தெரியாமல் மேசையில் இருக்கும். நான் விரலால் அதை அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

“எனக்கா டீச்சர்? நீங்க சாப்புடுங்க.”

“உங்களுக்குத்தான் வந்திருக்கும். எனக்கு யார் தரப்போறாங்க?”

“பிள்ளைக வச்சிருக்கும்” என்று சொல்லி எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். நல்ல மனுஷி. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருக்கலாம்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் பிரின்சிபால் கூப்பிட்டார். “அடுத்த வருசமும் இருக்கீங்களா மிஸ்? தைப்பூச லீவு முடிஞ்சு வந்து சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆள் பாக்கணும்.” ஈப்போவில் விடுப்பை இன்னொரு வருஷம் நீட்டிக்கொள்ளலாம். அதில் சிக்கலில்லை. இருக்க ஆசையாகவும் இருந்தது. சீரகச் சம்பா பிரியாணிக்காகவே இருக்கலாம். எங்கள் ஊர் பிரியாணியில் அரிசி பாம்பு மாதிரி நீளும், இங்கே குட்டி குட்டியாக மிளகு வாசனையோடு வாயில் விழும். ஆனால் நான் போனால் இங்கே யாருக்காவது வருத்தமாக இருக்குமா என்று யோசித்தேன். ஒருத்தர் பெயரும் தோன்றவில்லை. வேண்டாதவளாக இன்னொரு வருஷம் உட்கார்ந்திருப்பதற்கு நான் என்ன தொக்கா? போய்விடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம்தான் கெடா வெட்டு வந்தது. மகேஸ்வரி டீச்சரின் குலதெய்வம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டு. அய்யலூர்ச் சந்தையில் கெடா பிடித்த கதையை இரண்டு நாள் சொன்னார். ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேசையாகப் போய், “குடும்பத்தோட வந்துரணும், சொல்லிப்புட்டேன்” என்று அழைத்தார். என்னிடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

“டீச்சர்... உங்களுக்கு ஞாயித்துக்கெழம வேல இருக்கும்ல?”

என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை இருக்கிறது? ஒரே மேசையில் உட்காருகிறவளைக் கூப்பிட மனமில்லை என்றால் நேராகச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே! “ஆமாம், நிறைய வேலை” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு சிறுமலைக்குக் கிளம்பிவிட்டேன். ஞாயிறுதோறும் இப்படி எங்காவது கிளம்பிப் போவது என் வழக்கம். வெயிலுக்கு வெள்ளைச் சுடிதார்தான் தோது. படியிறங்கும்போது கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த முருகன் பாட்டைப் படக்கென்று நிறுத்தினார். எப்போதும் இப்படித்தான். என் செருப்புச் சத்தம் கேட்டால் பாட்டு நின்றுவிடும். முருகன் பாட்டைக் காதில் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைக்கிறார் போல. “கெளம்பிட்டீகளா? நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்று மட்டும் பயபக்தியோடு சொன்னார்.

சிறுமலைக்குப் பஸ் குறைவு என்று சொன்னார்கள். குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேலே போய், குளிரில் இரண்டு டீ குடித்து, பலாமரத்தையும் மிளகுக் கொடியையும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் பஸ் போயிருந்தது.

“அடுத்தது எப்போங்க?”

“சாயங்காலந்தான். வந்தா உண்டு” என்றார் டீக்கடைக்காரர். கவலையே இல்லாமல் சொன்னார்.

கடைசியில் வாழைத்தார் ஏற்றிய குட்டியானை ஒன்று இடம் கொடுத்தது. யானை என்றதும் பயந்துவிடாதீர்கள். சின்ன லோடு வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். பின்னால் தார்களுக்கு நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். எதிரே சந்தைக்குப் போகும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், காலை நீட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் ஒரு தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை.

“எந்த ஊரு?”

“மலேசியா.”

“அங்கிட்டு வாழ இருக்கா?”

“இருக்கு.”

“சிறுமலப் பழம்?”

“அது இல்லை.”

“அப்பறம் என்னத்துக்கு அம்புட்டுத் தூரம் போய்க் கெடக்கீக?” என்று கேட்டுவிட்டு ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார்.

அதைத் தின்றுகொண்டே போனைப் பார்த்தேன். மலையடிவாரம் வந்து சிக்னல் கிடைத்ததும் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் கெடா வெட்டுப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மகேஸ்வரி டீச்சர் சிரிக்கிறார். தமிழ் மிஸ் எலும்பைக் கடிக்கிறார். பி.டி. மிஸ் குழம்பு வாளியோடு நிற்கிறார். வாழையிலையில் சோறு, அதன் மேல் கறிக்குழம்பு, ஓரத்தில் ரத்தப்பொரியல். மொத்தப் பள்ளியும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. நான் வாழைத்தாரோடு தாராகக் குலுங்கி வருகிறேன். அழுகை வந்துவிட்டது. எதிரே இருந்த பெண், “பழம் பிடிக்கலையாக்கும்?” என்று கேட்டு இன்னொன்று கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. அங்கே இன்னொரு கூத்தும் தினமும் நடக்கும். நான் டப்பாவைத் திறந்ததும் எல்லோர் கையும் அப்படியே நின்றுவிடும். “வெஞ்சனம் என்னா?” என்று, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறதென அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வாயை மூடிவிடுவார்கள். என் சோற்றைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கூச்சமாகிவிடும். நான் சமைப்பது அப்படி. தலையைக் குனிந்துகொள்வேன். செத்த நேரம் கழித்து நிமிர்ந்தால் எல்லோரும் சாப்பிடத் தொடங்கியிருப்பார்கள். ஒருத்தியின் சமையலை இப்படித் தினமும் மௌன அஞ்சலி செலுத்தியா கேலி செய்வார்கள்?

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்கு நடப்பவர்களால் ரோடு நிறைந்துவிட்டது. எனக்குத் தைப்பூசம் என்றால் உயிர். பதினெட்டு வயதிலிருந்து எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவள் நான். முருகனின் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு வீட்டில் படுத்துக்கிடக்க முடியுமா? லீவு நாளில் பழனி ரோட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். வந்த நாளிலிருந்து கண்டக்டர்களோடு எனக்கு நடக்கும் சண்டை அன்றும் நடந்தது. இங்கே பெண்களுக்கு டிக்கெட் இலவசம். “நான் வெளிநாடு, காசு வாங்கிக்குங்க” என்றால் கேட்கவே மாட்டார்கள். “பொம்பளதான? உள்ள போங்க” என்றார் கண்டக்டர். அந்தப் பஸ்ஸில் மட்டும்தான் எல்லோருக்கும் கிடைப்பது எனக்கும் கிடைத்தது.

ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே சாலையோரம் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். காவடிகளும் காவி வேட்டிகளும் கொப்புளம் வெடித்த கால்களுமாகக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. முருகனுக்கு அரோகரா என்று எனக்கே தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது பந்தலுக்குள்ளிருந்து “மிஸ்!” என்று கௌசல்யா ஓடி வந்தாள். அவள் ஊர்க்காரர்கள் போட்ட பந்தல்தான்.

“மிஸ், நீங்க இங்கிட்டா?” அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“சும்மா பார்க்க வந்தேன்.”

சர்க்கரைப் பொங்கல் வாசனை மூக்கைத் துளைத்தது. சாமிக்குப் படைத்துவிட்டு வாழையிலைத் துண்டில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். கௌசல்யா ஒரு துண்டை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், என்னவோ யோசித்துத் திரும்ப வைத்துவிட்டாள். பிறகு எதிர்க் கடைக்கு ஓடிப் போய் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்தாள்.

“இது கடையில வாங்குனது மிஸ். குடிங்க.”

போகிற வருகிறவருக்கெல்லாம் பொங்கல், எனக்கு மட்டும் சோடா! குடித்தேன். காஸ் எல்லாம் மூக்கில் ஏறியது. நாளைக்கு முதல் வேலையாகப் பிரின்சிபாலிடம் போய், நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவது என்று அங்கேயே நின்று சத்தியம் செய்துகொண்டேன்.

மறுநாள் பிரின்சிபால் அறைக்குப் போகப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அப்போதுதான் மகேஸ்வரி டீச்சர் பழனியிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தார். நெய்யும் பேரீச்சையும் கலந்த அந்த வாசனையில் என் கால் நின்றுவிட்டது. ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு ஸ்பூன் வைத்துக்கொண்டே வந்தார். மாதா கோயிலுக்குப் போகிற ஸ்டெல்லா மிஸ்கூடக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். என் முறை வந்தது. டப்பா என்னைத் தாண்டிப் பி.டி. மிஸ்ஸிடம் போனது.

அவ்வளவுதான். ஆறேழு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது.

“ஏன் டீச்சர்! எனக்கு மட்டும் கொடுக்காதேன்னு முருகன் உங்க காதுல வந்து சொன்னாரா?”

மகேஸ்வரி டீச்சர் ஸ்பூனோடு அப்படியே நின்றார்.

“டீச்சர்... நீங்க சாப்புடுவீங்களா?”

“ஏன், எனக்குப் பல்லில்லையா?”

“அய்யய்யோ, அதுக்கில்ல. இது சாமி பிரசாதம். நீங்கதான் பெந்தகோஸ்துல்ல?”

“நானா?”

“ஆமா.”

“யார் சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க! மொத நாளே பூ வைக்கிறதில்லைன்னு சொல்லிட்டீங்களாமே, பிள்ளைக வந்து சொல்லுச்சுக. எங்க ஊர்ல வேறெந்தப் பொம்பள அப்புடிச் சொல்லுவா? ஆர்.சி. ஆளுக பூ வைப்பாக. நம்ம ஸ்டெல்லா மிஸ் தல நெறைய வைக்குது. பெந்தகோஸ்து சபைக்காரங்கதான் பூ வைக்க மாட்டாக, நக போட மாட்டாக, பொட்டு வைக்க மாட்டாக. பிரசாதமும் தொட மாட்டாக, கோயில் கெடாக் கறியும் திங்க மாட்டாக. உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் டீச்சர் நாங்க அம்புட்டுப் பாத்துப் பாத்து நடந்துக்கிட்டோம்!”

“பொட்டு வச்சா எனக்குத் தோல் அரிக்கும்! தோடும் அரிக்கும்!”

“ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் வெள்ளச் சுடிதாரப் போட்டுக்கிட்டுப் பையோட கெளம்பிருவீங்கன்னு உங்க வீட்டுக்கார அக்கா சொல்லுச்சே. சபைக்குத்தான போறீங்க?”

“ஊர் சுத்தப் போறேன்!”

“அப்ப சாப்புடுறதுக்கு முன்னாடி தெனமும் தலயக் குனிஞ்சு ஜெபம் பண்றீங்களே? நாங்களும் எச்சிக் கையோட காத்துக்கிட்டே இருக்கோம்!”

“அது ஜெபமில்லை டீச்சர், வெட்கம்!” என்று கத்தினேன்.

முதலில் சிரித்தது ஸ்டெல்லா மிஸ். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பி.டி. மிஸ் நாற்காலியிலிருந்து வழுக்கியேவிட்டார். நான் மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, டப்பாவில் மிச்சமிருந்ததையெல்லாம் வாங்கி நக்கினேன். என் பால்குடக் கதையைச் சொன்னதும் மகேஸ்வரி டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டார். “பால்குடம் எடுத்த பிள்ளையவா நாங்க ஒதுக்கி வச்சோம்!”

சத்தம் கேட்டுச் சன்னலில் கௌசல்யாவின் தலை தெரிந்தது. கூப்பிட்டேன். “ஏம்மா, நேத்து எனக்கு மட்டும் ஏன் சோடா?”

“பொங்கல் படைச்சது மிஸ். உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன். எல்லாருக்கும் குடுத்துட்டு உங்கள வெறுங்கையோட அனுப்ப மனசில்ல.” தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். “பூவும் ஆகாது. அதான் மிஸ், நாங்க முறை வச்சுத் தெனமும் உங்களுக்குப் பழம் கொண்டாந்து வச்சோம். நீங்க நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொல்லவே இல்ல.”

கொய்யா, நாவல்பழம், சிறுமலை வாழைப்பழம் எல்லாம் என் கண்முன்னே மேசை ஓரமாக உருண்டு மகேஸ்வரி டீச்சரின் பைக்குள் போயின. திரும்பி அவரைப் பார்த்தேன்.

“என்னயப் பாக்காதீங்க டீச்சர்! நீங்கதான தள்ளுனீங்க? எங்க வீட்டுல கொய்யா தின்னு தின்னு பிள்ளைகளுக்குச் சளியே பிடிச்சிருச்சு!”

பிரின்சிபாலிடம் அன்றைக்குப் போகவில்லை. அழுது சிவந்த மூக்கோடு போனால் வேறு கதை கட்டிவிடுவார்கள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் இறங்கியபோதே மல்லிகை வாசனை அடித்தது. கிழக்குப் பக்க வராந்தா முழுக்க எட்டாம் வகுப்பு. கையில் மல்லிகை, செவ்வந்தி, ரோஜா, கனகாம்பரம், ஒருத்தியிடம் மருக்கொழுந்துகூட இருந்தது. “மிஸ், என்னோடத மொதல்ல!” “ஏய், நாந்தான் மொதல்ல வந்தேன்!” என்று எனக்காகச் சண்டை. எனக்காக! நான் திரும்பி நின்று முழங்காலை மடக்கிக் கொடுத்தேன். பூவைப் பிடித்து வைக்கத்தான் முடி இல்லை. காதோரம் கிளிப், உச்சியில் ஹேர்பின், பின்கழுத்தில் யாரோ ஒருத்தியின் ரப்பர் பேண்டு என்று தலையே கோயில் தேர் மாதிரி ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுத எழுத ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பிள்ளைகள் ஓடி ஓடி எடுத்துத் திரும்பக் குத்தினார்கள். பாடம் ஒரு வரிகூட நடக்கவில்லை.

அந்தக் கோலத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தேன். மகேஸ்வரி டீச்சர் மேசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு நீளச் சடையில் ஒரே ஒரு சின்னச் சரம், அதுவும் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது போல வாடிக் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது. அவர் கண் என் காதோரத்துக்கும் உச்சிக்கும் போய்ப் போய்த் திரும்பியது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறேழு மாதமாக அதே நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து நான் பார்த்த பார்வை அது.

“அழகாருக்கு டீச்சர்” என்றார். மேசை நடுவில் ஒரு கொய்யா இருந்தது. அதை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். “ஒங்களுக்குத்தான் வந்திருக்கும்.”

“தாங்க்ஸ் டீச்சர்.”

இரண்டு நோட்டுத் திருத்தினார். பேனாவை மூடினார், திறந்தார். பிறகு சும்மா கேட்பது போலக் கேட்டார்.

“ஏன் டீச்சர், ஏப்ரல்ல பரீச்ச முடிஞ்சதும் ஊருக்குக் கெளம்பிருவீங்கள்ல?”

பிரின்சிபாலிடம்கூட நான் இன்னும் வாய் திறக்கவில்லை. முதலில் இவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உச்சியிலிருந்து நழுவிய செவ்வந்தியைப் பிடித்துத் திரும்பச் செருகிக்கொண்டேன்.

“போகலை டீச்சர். அடுத்த வருஷமும் இங்கேதான்” என்று சொல்லிவிட்டுக் கொய்யாவைக் கடித்தேன்.